திரும்பு நடையை விட்டுக்கொடுத்த குதிரை

விலங்குகள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், செம்மலையின் அடியில் ஒரு செம்புக் குழி இருந்தது. ஆழம் நூறடி. அடியில் ஆட்கள் நின்று பாறையை உடைத்தார்கள். உடைக்க உடைக்க ஊற்றுத் தண்ணீர் பெருகியது. அந்தத் தண்ணீரை இழுத்து வெளியே கொட்டுவது விலங்குகளின் வேலை. ஒரு நாள் இழுக்காவிட்டால் கீழே நிற்பவர்களின் இடுப்பு நனையும். இரண்டு நாள் இழுக்காவிட்டால் குழிக்குள் யாரும் நிற்க முடியாது.

வேலை இப்படி நடந்தது. குழியின் வாயில் ஓர் உருளை. அதன்மேல் ஒரு வடம். வடத்தின் ஒரு முனையில் தோலால் தைத்த பெரிய சால், மறு முனையில் விலங்கு. விலங்கு நூறடித் தடத்தில் முன்னே நடந்தால் தண்ணீரோடு சால் மேலே வரும். கொட்டிய பிறகு விலங்கு திரும்பி வரும். சால் தன் பாட்டுக்குக் கீழே இறங்கும். முன்னே போவதை இழுப்பு என்றார்கள். திரும்பி வருவதைத் திரும்பு நடை என்றார்கள்.

திரும்பு நடை விலங்கின் சொந்த நேரம். அப்போது அதை யாரும் அதட்டக் கூடாது. வழியில் தொட்டியில் வாய் வைக்கலாம், பக்கத்துத் தடத்தில் வருபவரோடு நாலு வார்த்தை பேசலாம், சும்மா மூச்சு விட்டுக்கொண்டும் வரலாம். இதை யாரும் மனம் இரங்கிக் கொடுத்துவிடவில்லை. முன்னொரு கோடையில் மூன்று காளைகள் தடத்திலேயே விழுந்து செத்தன. அதன் பிறகு மற்ற விலங்குகள் எட்டு நாள் வடத்துக்குக் கழுத்து நீட்டாமல் நின்று வாங்கியது அது. ஆனால் வாங்கியதைக் கல்லில் வெட்டி வைக்கவில்லை. எழுதி வைக்காத உரிமையை மேலே இருப்பவர்கள் பழக்கம் என்றுதான் சொல்வார்கள்.

அந்த எட்டு நாளையும் முன்னால் நின்று நடத்தியவன் மயிலை என்ற சாம்பல் நிறக் காளை. வயதாகியும் தடத்தில் இருந்தான். எல்லோரும் அவனை மயிலையண்ணன் என்று கூப்பிட்டார்கள்.

குழியில் குதிரைகள் இரண்டுதான். கருவாலன் என்ற ஆண் குதிரை. அவன் துணை வெள்ளச்சி. கருவாலனுக்குத் தன் வலுவில் பெருமை அதிகம். அது பொய்ப் பெருமையும் அல்ல. முந்நூற்று முப்பது ராத்தல் தண்ணீரை அவன் ஒரே நிமிடத்தில் மேலே கொண்டுவருவான். திரும்பு நடைக்கு அரை நிமிடம். ஆக ஒரு மணி நேரத்தில் நாற்பது சால். காளைகளால் அதில் பாதிகூட முடியாது.

"மாப்பிள்ளை வர்றாரு, வழி விடுங்க," என்று தொட்டியடியில் ஒரு கழுதை கேலி செய்யும். "அவரு தண்ணி குடிச்சா தொட்டிக்கே பெருமை."

"உனக்கு வயித்தெரிச்சல்," என்பான் கருவாலன்.

"எனக்கு எதுக்குங்க வயித்தெரிச்சல்? நீங்க இழுத்தாலும் அதே வைக்கோல், நான் இழுத்தாலும் அதே வைக்கோல்."

அந்த வருஷம் வெள்ளச்சி சினையாக இருந்தாள். பத்து மாதம் முடிந்திருந்தது. பின்னங்கால்கள் வீங்கி, இழுப்பின் நடுவில் இரண்டு தடவை நின்றுவிட்டாள். குட்டி போடும்வரை அவளை வடத்தில் பூட்ட வேண்டாம் என்று கருவாலன் குழியின் சொந்தக்காரர் கோவர்த்தனரிடம் மூன்று முறை கேட்டுவிட்டான். அவர் மூன்று முறையும் "பார்க்கலாம்" என்றார்.

அப்போதுதான் கொல்லர் வயிரக்கண்ணு அங்கே வந்தார். நெருப்பைத் தின்று நீராவியை மூச்சாக விடும் ஓர் இரும்புப் பூதத்தை அவர் செய்துகொண்டிருந்தார். கோவர்த்தனர் கேட்ட முதல் கேள்வி: "உங்க பூதம் எத்தனை குதிரைக்கு ஈடு?"

வயிரக்கண்ணு நேர்மையான தொழிலாளி. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டார். "ஒரு குதிரை எவ்வளவுன்னு முதல்ல தெரியணுமே. அளந்து பாத்துட்டுச் சொல்றேன்," என்றார்.

மறுநாள் காலையில் அளவு நடந்தது. வயிரக்கண்ணு ஒரு கண்ணாடிக் குடுவை கொண்டுவந்திருந்தார். நடுவில் இடுப்புபோல ஒடுங்கிய குடுவை. மேல்பாதியில் இருக்கும் மணல் கீழே இறங்கி முடிய ஒரு நிமிடம் ஆகும். சாலில் வந்த தண்ணீரைத் தராசில் ஏற்றிப் பார்த்தார். முந்நூற்று முப்பது ராத்தல். கயிற்றால் குழியின் ஆழத்தை அளந்தார். நூறடி.

கோவர்த்தனர் கருவாலனின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். அதுவரை அவர் எந்த விலங்கையும் தொட்டதில்லை.

"கருவாலா, உன் முழு வலுவையும் காட்டு. வெள்ளச்சி குட்டி போடுறவரைக்கும் லாயத்துலேயே இருக்கட்டும்."

"வாக்குத்தானே ஐயா?"

"வாக்குத்தான்."

கருவாலன் இழுத்தான். குடுவையின் கடைசி மணல் விழுந்தபோது சால் குழியின் வாயில் வந்து ஆடியது. வயிரக்கண்ணு உடனே குடுவையைப் படுக்க வைத்தார்.

மயிலை பக்கத்துத் தடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "ஏங்க கொல்லரே, குடுவையை ஏன் படுக்க வச்சீங்க? தம்பி இன்னும் திரும்பி வரலையே."

"தூக்குற வேலை முடிஞ்சிருச்சே, காளையாரே."

"திரும்பி வந்தால்தானே அடுத்த சாலைத் தூக்க முடியும்? திருப்பி வச்சு மணலை ஓட விடுங்க."

வயிரக்கண்ணு யோசித்தார். தரையில் விரலால் எழுதிப் பார்த்தார். "முந்நூத்து முப்பது ராத்தலை நூறடி தூக்குறதும், முப்பத்து மூவாயிரம் ராத்தலை ஓரடி தூக்குறதும் ஒண்ணுதான். இழுப்பை மட்டும் எண்ணினா, ஒரு குதிரைன்னா நிமிஷத்துக்கு முப்பத்து மூவாயிரம். திரும்பு நடையையும் சேத்தா ஒண்ணரை நிமிஷம் ஆகுது. அப்ப நிமிஷத்துக்கு இருபத்திரண்டாயிரம்தான். ரெண்டும் சரியான கணக்கு. எதைக் கல்லுல வெட்டச் சொல்றீங்க?"

கோவர்த்தனர் மனதுக்குள் வேறொரு கணக்குப் போட்டார். தான் சொன்னால் அது கட்டளை. மீண்டும் ஒரு எட்டு நாள் வரும். அது அவருக்குத் தெரியும். அவர் குதிரையைப் பார்த்துச் சிரித்தார்.

"இழுத்தவன் அவன். அவனே சொல்லட்டும். ஏம்பா, காளைக்கு ஒவ்வொரு இழுப்புக்கும் மூச்சு வாங்கணும். உனக்குமா?"

"தம்பி, பொறு," என்றான் மயிலை. "அது உன் ஒருத்தன் சொத்து இல்லை. மணிக்கு இருபது நிமிஷம் நம்ம எல்லாருடைய சொத்து. அதுக்காக மூணு பேரைப் புதைச்சிருக்கோம்."

கருவாலன் லாயத்தின் பக்கம் பார்த்தான். வெள்ளச்சி கம்பிமேல் தாடையை வைத்து நின்றிருந்தாள். ஆட்கள் எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனை அப்படி யாரும் பார்த்ததில்லை.

"எனக்குத் திரும்பு நடை வேண்டாம்," என்றான். "அதை எண்ணாதீங்க."

சொல்லிவிட்டு நூறடியையும் நாலு பாய்ச்சலில் கடந்து குழியின் வாய்க்கு வந்து நின்றான். ஆட்கள் கை தட்டினார்கள். மயிலை தலையைத் திருப்பிக்கொண்டான்.

அன்று பிற்பகல் குழியின் வாயில் ஒரு கல் நட்டார்கள். நிமிடத்துக்கு முப்பத்து மூவாயிரம் ராத்தலை ஓரடி தூக்குவது ஒரு குதிரை என்று வயிரக்கண்ணு வெட்டினார். நொடிக்கணக்கு வேண்டுபவர்களுக்காக அறுபதால் வகுத்து, நொடிக்கு ஐந்நூற்று ஐம்பது என்று அடியில் வெட்டினார். மணிக்கணக்கு வேண்டுபவர்களுக்காக அறுபதால் பெருக்கி, மணிக்குப் பத்தொன்பது லட்சத்து எண்பதாயிரம் என்று அதற்கும் அடியில் வெட்டினார்.

மூன்றாவது வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்ட மயிலை, வயிரக்கண்ணுவின் உளியருகே போய் நின்றான்.

"கொல்லரே, வகுத்தது சரி. பெருக்கினது தப்பு."

"கணக்குல தப்பு இல்லையே."

"கணக்குல இல்லை. அறுபது நிமிஷத்தை அடுக்கினா ஒரு மணி வரும். அவனோட அறுபது இழுப்பை இடைவெளி இல்லாம அடுக்கிப் பாருங்க. பிணம் வரும்."

வயிரக்கண்ணு உளியைத் துடைத்தார். "நான் பூதத்துக்குத்தான் அளவு எடுத்தேன். பூதத்துக்கு மூச்சு வாங்காது. இதை வச்சு விலங்கை யாரும் வேலை வாங்கப் போறதில்லை," என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார். நம்பிச் சொல்பவர்களால் வரும் கேட்டுக்கு அளவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் குடுவையைக் குழியின் வாயில் ஒரு மரச்சட்டத்தில் நிமிர்த்தி மாட்டியிருந்தார்கள். அதைத் திருப்பிப் போட ஒரு மேற்பார்வைக்காரன். மணல் இறங்கி முடியும் ஒவ்வொரு முறையும் கருவாலனின் சால் மேலே வந்து, கொட்டி, கீழே போயிருக்க வேண்டும். மணிக்கு நாற்பது அல்ல, அறுபது. காளை என்பது பாதிக் குதிரை என்று கோவர்த்தனர் தீர்த்தார். காளைக்கு மணிக்கு முப்பது. கழுதை கால் குதிரை, அதற்குப் பதினைந்து. பூதம் வந்து சேரும்வரை எல்லோருக்கும் இதுதான் அளவு.

"திரும்பு நடை?" என்று மயிலை கேட்டான்.

"அது வேண்டாம்னு உங்க ஆளே சொல்லிட்டானே. நூறு பேர் கேட்டாங்க," என்றார் கோவர்த்தனர்.

மயிலை தொட்டியடியில் எல்லோரையும் கூட்டினான். "கழுத்தை நீட்டாதீங்க. இப்பவே நிப்போம்," என்றான். எல்லோரும் கருவாலனைப் பார்த்தார்கள். அவன் நிற்காமல் மற்றவர்கள் நின்று பயன் இல்லை. மற்ற எல்லாத் தடத்துக்கும் சமமாக அவன் ஒருவன் தண்ணீர் இழுத்தான்.

"ஒரு மாசம்தானே, அண்ணே. குட்டி பிறக்கட்டும். அதுக்கப்புறம் நீங்க சொல்றபடி நிக்கிறேன்."

"அது வரைக்கும் உன் கால் நிக்குமா?"

"நிக்கும். என்னால முடியும்."

கழுதை இந்த முறை கேலி செய்யவில்லை. "மாப்பிள்ளை, உன்னால முடியும். உன்னை வச்சு அளந்தா எங்களால முடியாது," என்றது.

முதல் நாள் கருவாலன் மணிக்கு அறுபதும் கொண்டுவந்தான். இரண்டாம் நாளும். இழுத்துவிட்டுத் திரும்பி ஓடுவான், ஓடிவந்து இழுப்பான். தொட்டியைக் கடக்கும்போது தண்ணீரின் வாசம்தான் கிடைக்கும், தண்ணீர் கிடைக்காது. மூன்றாம் நாள் இரண்டு காளைகள் தடத்தில் மண்டியிட்டன. அவை மண்டியிட்ட இடத்தைத் தாண்டி அவன் ஓடினான். ஐந்தாம் நாள் அவன் முன்னங்கால் நரம்பு வீங்கியது. மாலையில் லாயத்துக்கு வந்ததும் வெள்ளச்சி அந்தக் காலை நக்கிக்கொடுத்தாள்.

"போய் மயிலையண்ணன்கிட்டச் சொல்லுங்க," என்றாள். "தப்பாப் பேசிட்டேன்னு சொல்லுங்க. அவர் ஏத்துக்குவார்."

"உனக்காகத்தானே பேசினேன்."

"எனக்காகப் பாதி. கை தட்டுறாங்களேன்னு பாதி."

அவனுக்குக் கோபம் வந்தது. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மயிலையிடம் போகவில்லை.

ஏழாம் நாள் காலையில் நாற்பத்தோராவது இழுப்பில் அந்தக் கால் மடங்கியது. வடம் அவனைக் குழியின் பக்கமாகத் தரதரவென்று இழுத்துப் போய்ப் பாதித் தடத்தில் போட்டது. மேற்பார்வைக்காரன் வடத்தை அவிழ்த்துவிட்டு ஓடினான். சிறிது நேரத்தில் கோவர்த்தனர் வந்தார். பின்னால் இரண்டு பேர் வெள்ளச்சியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"ஐயா, வாக்குக் கொடுத்தீங்களே," என்றான் கருவாலன், படுத்தபடியே.

"இல்லைன்னு சொல்லலை. நீ எழுந்திரு, இப்பவே அவளை அவுத்து விட்டுடறேன். கீழே இருபது பேர் நிக்கிறாங்க. தண்ணி முழங்காலைத் தாண்டிருச்சு."

கருவாலன் எழப் பார்த்தான். மூன்று கால் எழுந்தது, நான்காவது வரவில்லை. மறுபடியும் விழுந்தான்.

"அவளுக்கு அந்த அளவு வேண்டாம், ஐயா. அதுல எழுதியிருக்கிறது என் அளவு."

"உன் பேரை எங்கே எழுதியிருக்கு? ஒரு குதிரைன்னுதானே எழுதியிருக்கு. அவளும் குதிரைதானே."

வெள்ளச்சியைப் பூட்டினார்கள். அவள் இழுத்துக்கொண்டு அவனைக் கடந்து போனாள். ஓடித் திரும்பி அவனைக் கடந்து வந்தாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு வார்த்தை பேச மட்டுமே நேரம் இருந்தது.

"மெதுவா, வெள்ளச்சி."

"மணல் நிக்கலையே."

அடுத்த முறை:

"நின்னுடு. அடிக்கட்டும்."

"கீழே ஆள் நிக்கிறாங்க."

அதற்கு அடுத்த முறை அவள் தலையைக் குனிந்தபடி கடந்து போனாள். பத்தொன்பதாவது சால் மேலே வந்து கொட்டியது. அவள் திரும்பினாள். நாலு எட்டு வைத்தாள். நின்றாள். பின்னங்கால்களுக்கிடையே ரத்தம் தடத்தில் ஒழுகியது. கருவாலன் படுத்திருந்த இடத்துக்கு வந்து சேர இன்னும் நாற்பதடி இருந்தது. அவள் அங்கேயே சாய்ந்தாள். உச்சி வெயில் சாய்வதற்குள் உயிர் போய்விட்டது. வயிற்றில் இருந்தது வயிற்றிலேயே போயிற்று. மேற்பார்வைக்காரன் கை தன் பழக்கத்தில் குடுவையை இன்னும் ஒருமுறை திருப்பி வைத்தது.

மயிலை தன் வடத்திலிருந்து கழுத்தை உருவிக்கொண்டான். காளைகள் நின்றன. கழுதைகள் நின்றன. தண்ணீர் ஏற ஏறக் கீழே இருந்த இருபது பேரும் ஏணியில் மேலே வந்தார்கள். தடத்தில் கிடந்தவளைப் பார்த்துவிட்டு அவர்களும் விலங்குகளோடு உட்கார்ந்தார்கள்.

இந்த முறை கோவர்த்தனர் இறங்கி வரவில்லை. வேலை நின்ற பதினோராம் நாள் இரும்புப் பூதம் வண்டியில் வந்து இறங்கியது.

பூதத்தைப் பார்க்க எட்டுத் திசையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். செக்கு வைத்திருப்பவர்கள், மாவு ஆலைக்காரர்கள், வேறு குழிகளின் சொந்தக்காரர்கள். அவர்களுடைய இடங்களிலும் குதிரைகள் இருந்தன, காளைகள் இருந்தன. இந்தக் கல்லில் உள்ள எண்ணை எடுத்துக்கொண்டு போய்த்தான் அவர்கள் பூதத்தை வாங்கப் போகிறார்கள். பூதம் வந்து சேரும்வரை தங்கள் விலங்குகளை வேலை வாங்கப் போகிறார்கள். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வயிரக்கண்ணு நடந்ததைக் கேள்விப்பட்டிருந்தார். முகம் வாடியிருந்தது. கருவாலனை நொண்ட நொண்ட நடத்திக்கொண்டுவந்து கல்லருகே நிறுத்தியிருந்தார்கள். வந்தவர்களுக்கு முன்னால் அவர் கருவாலனிடம் நேராகக் கேட்டார்.

"அளந்தது உன்னை. நீ சொன்ன வார்த்தையை வச்சு வெட்டினேன். இது ஒரு குதிரையோட வேலை இல்லைன்னு நீயே இங்கே சொல்லிட்டா, இப்பவே கொத்தி எடுத்துட்டு இருபத்திரண்டாயிரம்னு வெட்டுறேன். உளி என் கையில இருக்கு."

கோவர்த்தனர் முகம் சுருங்கியது. ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் தடுக்க முடியவில்லை.

மயிலை கருவாலனின் காதருகே வந்தான். "சொல்லு தம்பி. ஒரு நிமிஷம்தான் இழுத்தேன், ஒரு நாள் இல்லைன்னு சொல்லு. திரும்பு நடையை எண்ணாம விட்டது தப்புன்னு சொல்லு. ஊரூரா இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு இருபது நிமிஷம் திரும்பக் கிடைக்கும். ஒரே வார்த்தைதான்."

கருவாலன் வாயைத் திறந்தான்.

என்னால் முடியவில்லை என்று சொல்ல வேண்டும். அத்தனை கண்களுக்கு முன்னால், கை தட்டிய அதே ஆட்களுக்கு முன்னால் சொல்ல வேண்டும். அது ஒன்று. போன முறை இந்த வாயிலிருந்து வந்த வார்த்தையின் விலை தடத்தில் கிடந்தது. அது இன்னொன்று. இந்த இரண்டில் எது அவன் நாக்கைப் பிடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மூக்கிலிருந்து காற்று வந்தது. வார்த்தை வரவில்லை.

"தம்பி," என்றான் மயிலை. "உன்னைக் கெஞ்சிக் கேக்கிறேன்."

எட்டு நாள் கோவர்த்தனரின் முன்னால் நின்றபோதுகூட அந்தக் காளை யாரையும் கெஞ்சியதில்லை.

கருவாலன் தலையைக் குனிந்துகொண்டான். வயிரக்கண்ணு நெடுநேரம் காத்திருந்தார். பிறகு உளியைப் பையில் போட்டார். வந்தவர்கள் ஒவ்வொருவராக எண்ணை எழுதிக்கொண்டார்கள். அவரவர் ஊருக்குப் புறப்பட்டார்கள்.

கருவாலன் அதன் பிறகு பேசவே இல்லை. அவன் இனமும் பேசவில்லை. மயிலை குழி குழியாகப் போய் நடந்ததைச் சொன்னான். கேட்ட விலங்குகள் தங்கள் வார்த்தையும் ஒருநாள் கல்லில் ஏறித் தங்கள் கழுத்திலேயே விழும் என்று பயந்தன. ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன. மௌனம் தங்களைக் காப்பாற்றும் என்று நினைத்தன. பேசாதவனின் கணக்கையும் எழுதுவதற்கு ஆள் இருக்கிறான் என்பதை மயிலை சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் பேச்சு இருந்த விலங்கு அவன் ஒருவனாகவே இருந்தான்.

அந்த நாளிலிருந்துதான் எந்த இயந்திரத்தின் வலுவையும் இத்தனை குதிரை என்று சொல்கிறோம். நிமிடத்துக்கு முப்பத்து மூவாயிரம், நொடிக்கு ஐந்நூற்று ஐம்பது. எந்த ஊர்ப் பட்டறையில் கேட்டாலும் அதே எண்தான். பொழுது முழுவதும் அதை இழுத்து உயிரோடு லாயம் திரும்பும் குதிரை மட்டும் இன்றுவரை பிறக்கவில்லை.